சிலோசோ கோட்டைக்கு முதல்முறை செல்பவர்களுக்கு

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வரும் நம்மவர்கள் செந்தோசா தீவை விட்டுவைப்பதில்லை. கேளிக்கைப் பூங்கா, கடற்கரை, கேபிள் கார் என்று ஒரு பகல் ஓடிவிடுகிறது. அதே தீவின் மேற்கு முனையில் சிலோசோ கோட்டை இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாமலேயே போகிறது. உள்ளே போக ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் பிடிவாதமாக அழைத்துப்போகும் இடம் இது. எங்கே தொடங்கி எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரியாமல் போனால், வெயிலில் பழைய இரும்பைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

புறப்படும் முன் ஒரு கேள்வியை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஆங்கிலேயர் வசமிருந்த சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. "ஆங்கிலேயன் பீரங்கியை எல்லாம் கடலைப் பார்த்து வைத்தான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான்" என்ற கதையை எங்காவது கேட்டிருப்பீர்கள். பள்ளியில் படித்தவர்களும் சொல்வார்கள், டாக்சி ஓட்டுநரும் சொல்வார். அது எந்த அளவுக்கு உண்மை என்று தேடிக்கொண்டே கோட்டைக்குள் நடங்கள். பார்ப்பது ஒவ்வொன்றும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு வரும்.

கொஞ்சம் முன்கதை

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் இடையே ஓடும் நீராவிக் கப்பல்களுக்குச் சிங்கப்பூர் முக்கியமான தங்குமிடமானது. நிலக்கரி நிரப்ப அவை வந்து நின்ற துறைமுகத்துக்கு இன்றைய பெயர் கெப்பல். தென்புறம் ஒரு தீவு மதில்போல் மறைத்து நிற்க, மேற்கிலும் கிழக்கிலும் மட்டும் கப்பல் நுழையும் வாய்கள். வாய்களைக் காத்தால் துறைமுகத்தைக் காத்துவிடலாம். 1870களில் ஆங்கிலேயர் திட்டம் போட்டார்கள். சிலோசோ குன்றின் உச்சியை வெடிவைத்துத் தட்டையாக்கி, பீரங்கி மேடைகள் அமைத்தார்கள்.

அந்தத் தீவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மத்தி. மலாயில் 'பிளாக்காங்' என்றால் பின்புறம், 'மத்தி' என்றால் இறப்பு. பெயர் ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சுற்றுலாத் தீவாக்க முடிவு செய்தபோது அதைச் செந்தோசா என்று மாற்றினார்கள். மலாயில் அமைதி என்று பொருள். வேர் நம் சந்தோஷத்தின் வேரேதான். 1967இல் ஆங்கிலேயர் தீவைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தனர். 1970களின் நடுவில் கோட்டை ராணுவ அருங்காட்சியகமானது. சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரி 15 அன்று, தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

போய்ச் சேரும் வழி

லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தால் வேலை சுலபம். ஊதா நிற எம்ஆர்டி வழித்தடத்தில் ஏறினால், ரயில் மாறாமல் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரன்ட். மேலே ஏறினால் விவோசிட்டி கடைத்தொகுதி. அங்கிருந்து தீவுக்குள் போக இரண்டு நல்ல வழிகள் உண்டு. கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் புறப்படுகிறது. தீவுக்குள் நுழைய 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பும்போது கட்டணம் கிடையாது. பணம் செலவழிக்க விருப்பமில்லையென்றால் கீழே நீர்முகப்புக்கு வந்து, கடல்மேல் போட்ட நடைபாதையில் நடந்தே போகலாம். காலை நேரத்தில் நான் நடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் பார்க்கப்போகும் கோட்டை எந்தத் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்டதோ, அந்தத் துறைமுகத்தின் நீர்மேல்தான் நடந்து போகிறீர்கள்.

ரயிலில் வந்தால் கடைசி நிலையமான பீச் நிலையத்தில் இறங்குங்கள். தீவுக்குள் ஓடும் பேருந்துகள் இலவசம். 'சிலோசோ பாயிண்ட்' போகும் பேருந்து எது என்று அங்குள்ள பலகையில் பார்த்து ஏறிக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உயரமான மின்தூக்கிக் கோபுரம் கண்ணில் படும். தேட வேண்டியதில்லை.

கோட்டை காலை 10 மணி முதல் மாலை 6 மணிவரை திறந்திருக்கும். நிதானமாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் வேண்டும். பத்து மணிக்கே போய்விடுவது உத்தமம். கூட்டமும் இருக்காது, வெயிலும் உச்சிக்கு வந்திருக்காது. பராமரிப்புக்காகச் சில பகுதிகளை மூடுவதுண்டு. முதல்நாள் இரவு செந்தோசாவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எடுத்துப்போங்கள். கோட்டைக்குள் சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்காதீர்கள். கடற்கரைப் பக்கம் சாப்பிட்டுவிட்டோ, விவோசிட்டியில் ஏதாவது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோ வருவது நல்லது. கொசு கடிக்கும், மழை சொல்லாமல் வரும். செருப்பைவிட ஷூ மேல். ஈரமான பாசிபடிந்த படிகள் வழியில் உண்டு.

நடைபாலத்தில் அவசரப்படாதீர்கள்

மின்தூக்கி உங்களைப் பதினொரு மாடி உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மரங்களின் தலைக்குமேல் 181 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் கோட்டைக் குன்றுக்குப் போகிறது. 2015இல் திறந்தார்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றிப் போகலாம். பெரும்பாலானோர் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது, இங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். பீரங்கி எதைக் காத்தது என்று தெரியாமல் பீரங்கியைப் பார்த்து என்ன பயன்?

வடக்கே திரும்புங்கள். கீழே ஒடுக்கமாகத் தெரியும் நீர்ப்பாதைதான் கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாய். எதிர்க்கரையில் பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை லாப்ரடார். அங்கேயும் ஒரு பீரங்கித் தளம் இருந்தது. மேற்கிலிருந்து எதிரிக் கப்பல் வந்தால் இந்தப் பக்கம் சிலோசோ, அந்தப் பக்கம் லாப்ரடார், நடுவே கப்பல். இந்த வாயில் முற்காலத்தில் கோரைப்பல்போல் ஒரு பாறை நின்றது. பழைய சீன மாலுமிகள் டிராகன் பல் வாயில் என்று குறிப்பிட்டது இதைத்தான் என்பார்கள். பாதையை அகலப்படுத்த 1848இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது லாப்ரடார் பூங்காவில் அதன் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

லாப்ரடாருக்குப் பின்னால் வடமேற்கே உயர்ந்து தெரியும் மேட்டையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது பாசிர் பாஞ்சாங் பக்கம். சற்று நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

"கோட்டை எங்கே?"

அம்மாவை முதல்முறை அழைத்துப்போனபோது, கோட்டைக்குள் கால் மணி நேரம் நடந்த பிறகு இப்படித்தான் கேட்டார். செஞ்சியையும் வேலூரையும் பார்த்த கண்களுக்கு மதிலும் அகழியும் இல்லாத ஒன்றைக் கோட்டை என்று ஏற்பது கடினம். நீங்களும் அதே ஏமாற்றத்தோடு நிற்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலோசோ குன்றின்மேல் எழுந்த கோட்டை அன்று, குன்றுக்குள் புதைந்த கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பீரங்கிகள் கல்மதிலை நொறுக்கிவிடும் வலிமை பெற்றுவிட்டன. ஆகவே கோட்டை கட்டுபவர்கள் உயரத்தைக் கைவிட்டு மண்ணுக்குள் இறங்கினார்கள். மேலே பீரங்கி, அதன் காலடியில் தடித்த கான்கிரீட், சுற்றிலும் குண்டை விழுங்கும் மண். கடலில் வரும் கப்பலின் கண்ணுக்கு இங்கே மரங்கள் மட்டும் தெரிய வேண்டும். கோட்டை கண்ணுக்குப் படவில்லை என்றால், கட்டியவன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான்.

பீரங்கிகளை வயதுவாரியாகப் பாருங்கள்

இங்கிருக்கும் பீரங்கிகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. எல்லாம் இந்த மேடைகளுக்கே உரியவையும் அல்ல. சிங்கப்பூரின் வேறு இடங்களிலிருந்தும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள பலகையைப் படித்து, பழையதிலிருந்து புதியதற்கு வாருங்கள்.

முதலில், குழலின் முன்வாய் வழியாகவே வெடிமருந்தையும் குண்டையும் திணிக்க வேண்டிய பழைய பீரங்கிகள். 64 பவுண்டு பீரங்கி என்றால் அது எறியும் குண்டு 64 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29 கிலோ. குண்டு போட ஆள் குழலின் முன்னால், எதிரியின் பார்வையில், போய் நிற்க வேண்டும். ஒரு முறை சுட்டபின் குழலைத் துடைத்து, மருந்துப் பையைத் தள்ளி, குண்டைத் தள்ளி, மறுபடி குறிபார்ப்பதற்குள் எதிரிக் கப்பல் நகர்ந்துவிடும். குழலின் வாயருகே நின்றுகொண்டு இந்த வேலைகளை ஒவ்வொன்றாக மனத்தில் செய்து பாருங்கள். குழந்தைகள் கூட இருந்தால் ஆளுக்கொரு வேலை கொடுத்து நடிக்கச் சொல்லுங்கள், ஆனால் பீரங்கிமேல் ஏறவிடாதீர்கள்.

அடுத்து, பின்பக்கம் திறந்து குண்டு போடும் 6 அங்குலப் பீரங்கி. அங்குலக் கணக்கு குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறது. இதன் குண்டு ஒன்று ஏறத்தாழ 45 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டையின் கனம். இரண்டாம் உலகப் போர் வந்தபோது சிலோசோவின் முக்கிய ஆயுதம் இந்த வகைதான். சிறிய, வேகமாகச் சுடக்கூடிய பீரங்கிகள் வேறு வேலைக்கு: இருட்டில் பாய்ந்துவரும் டார்பிடோ படகுகளைத் தடுப்பது. அவற்றுக்குத் துணையாக நீர்மட்டத்துக்கு அருகே தேடுவிளக்குகள் நீர்ப்பாதையை வெளிச்சமாக்கின. அந்த விளக்கு மேடைகளுக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம், இழப்பு பெரிதில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 6 அங்குலப் பீரங்கியின் அடியைக் குனிந்து பாருங்கள். வட்டமான தளத்தின்மேல் அது சுழலும்படி அமைந்திருக்கிறது. 1942 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். தெற்கு நோக்கி முன்னேறிப் பாசிர் பாஞ்சாங்கை அடைந்தபோது, சிலோசோவின் பீரங்கிகள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிலத்தை நோக்கிச் சுட்டன. நடைபாலத்தில் பார்த்து வைத்தீர்களே, அந்த மேட்டுப் பக்கம். அங்கே பிப்ரவரி 13, 14 தேதிகளில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை போரிட்டது. அதன் அதிகாரி லெப்டினன்ட் அட்னான் சைடி அந்தச் சண்டையில் புக்கிட் சண்டு குன்றில் இறந்தார்.

பீரங்கிகள் திரும்பின என்றால் ஏன் போதவில்லை? குறை குண்டில் இருந்தது. கரையோரப் பீரங்கிகளுக்கு வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி கப்பலின் எஃகைத் துளைப்பதற்கான குண்டுகள். அவை தடித்த தகட்டைத் துளைத்து உள்ளே போனபின் வெடிக்கும். ரப்பர்த் தோட்டத்து மண்ணில் விழுந்தால் ஆழமாகப் புதைந்துவிடும். பரவலாக ஓடிவரும் காலாட்படைக்குப் பெரிய சேதம் இல்லை. தரைப்படையைத் தாக்கும் குண்டுகள் கையிருப்பில் குறைவு. எதிரி கடல்வழியாகத்தான் வருவான் என்று திட்டம் போட்டவர்களின் நம்பிக்கை, பீரங்கியின் திசையைவிட குண்டுக் கிடங்கில்தான் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கோட்டையில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி இதுதான். இதை மனத்தில் கொண்டு கீழே இறங்குங்கள்.

சுரங்க அறைகள்

வெடிமருந்தும் குண்டுகளும் மேலே வைக்க முடியாதவை. அவற்றுக்காகக் குன்றைக் குடைந்து அறைகளும் பாதைகளும் அமைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் குளிர்ச்சி தெரியும். வெயிலில் நடந்தவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். சுவர்களின் தடிமனைக் கவனியுங்கள். அந்தக் காலத்து மருந்துக் கிடங்குகளில் பெரும் பயம் தீப்பொறி. விளக்கை மருந்து அறைக்குள் கொண்டுபோகாமல், பக்கத்து ஒடுக்கப் பாதையிலிருந்து கண்ணாடி வழியாக வெளிச்சம் தருவார்கள். ஆணியடித்த பூட்ஸோடு யாரும் உள்ளே நுழைய முடியாது. மேலே பீரங்கிக்காரன் எவ்வளவு வேகமாகச் சுடுகிறான் என்பது கீழே புழுக்கத்தில் குண்டு தூக்குபவனின் தோளைப் பொறுத்தது.

தாழ்வான இடங்களில் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பயப்படும் சின்னக் குழந்தைகளைத் தூக்கிக்கொள்வது நல்லது. திடீரென எதிர்ப்படும் படைவீரர் உருவங்கள் அவர்களை அலறவைக்கும்.

சரணடைவுக் கூடங்களைக் கடைசிக்கு வையுங்கள்

வழியில் எப்போது எதிர்ப்பட்டாலும் இவற்றைக் கடைசியாகப் பாருங்கள். பீரங்கிகளைப் பார்க்காமல் இங்கே வந்தால் மெழுகு பொம்மைகள் மட்டுமே தெரியும்.

முதல் காட்சி 1942 பிப்ரவரி 15. சீனப் புத்தாண்டின் முதல் நாள். புக்கிட் தீமா சாலையில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையின் ஓர் அறையில், மேசைக்கு இருபுறமும் சரணடைய வந்த ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் பெர்சிவலும் ஜப்பானியத் தளபதி ஜெனரல் யமாஷிதாவும். மேசையின் இருபக்க முகங்களையும் மாறிமாறிப் பாருங்கள். வென்றவரின் படை தோற்றவரின் படையைவிடச் சிறியது. அவருடைய வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. அது எதிரே அமர்ந்திருந்தவருக்குத் தெரியாது.

இரண்டாம் காட்சி 1945 செப்டம்பர் 12. நகராட்சிக் கட்டடத்தில், தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவரான மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியர் சரணடைகிறார்கள். அந்தக் கட்டடம் இன்று தேசியக் கலைக்கூடத்தின் பகுதி. வேறொரு நாள் போய்ப் பார்க்கலாம். ஜப்பான் தரப்பில் கையெழுத்திடுபவர் ஜெனரல் இதாகாகி. ஜப்பானின் தென்பகுதிப் படைகள் அனைத்துக்கும் தலைவரான தெராவுச்சி நோயில் விழுந்திருந்ததால் வரவில்லை.

ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகச் சில நிமிடம். இடையில் மூன்றரை ஆண்டுகள். அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆக்கிரமிப்பின் முதல் வாரங்களில் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுத்துக் கொல்லப்பட்டார்கள். கடலில் தள்ளிச் சுடப்பட்டவர்களின் உடல்கள் இந்தத் தீவின் கரையிலேயே ஒதுங்கின. சரணடைந்து இங்கேயே காத்திருந்த ஆங்கிலேயப் பீரங்கிப்படையினர் ஏறத்தாழ 300 உடல்களை அடக்கம் செய்தார்கள். கீழே கடற்கரையில் பந்து விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதைப் படிப்பது எளிதன்று.

நம் மக்களின் கதையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17 அன்று, பல்லாயிரம் இந்தியப் படைவீரர்களை ஃபேரர் பார்க் திடலில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து இந்திய தேசிய ராணுவம் முளைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை. உங்கள் குடும்பத்தில் மலேயாவுக்குப் போன தாத்தா, பெரிய தாத்தா யாராவது உண்டென்றால், வயதானவர்களிடம் முன்பே கேட்டுவிட்டு இந்த அறைக்கு வாருங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க நினைத்தபோது சொல்ல ஆளில்லை.

இன்னும் சில

தீவில் மயில்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. கோட்டை வழியிலும் எதிர்ப்படும். தள்ளி நின்று பாருங்கள், தீனி போடாதீர்கள். இடி முழங்கத் தொடங்கினால் பீரங்கி மேடைகளையும் நடைபாலத்தையும் விட்டு விலகி, கூரையுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். மழை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

முதியவர்களுடன் வந்தால் நடைபாலம், மேல்தளப் பீரங்கிகள், சரணடைவுக் கூடங்கள் என்ற மூன்றும் போதும். சுரங்கத்தின் ஈரப் படிகளில் அவர்களை இறக்க வேண்டாம். தனியாக வருபவர்கள் நேரம் இருந்தால் நடைபாலத்துக்கு மாலையில் ஒருமுறை திரும்பலாம். கோட்டை மூடிய பிறகும் பாலம் இரவு 10 மணிவரை திறந்திருக்கும்.

மறுநாள் அரைநாள் கிடைத்தால் லாப்ரடார் பூங்காவுக்குப் போங்கள். மஞ்சள்–ஆரஞ்சு நிற வட்டப்பாதை ரயிலில் லாப்ரடார் பார்க் நிலையம், அங்கிருந்து கடலோர நடை. பழைய பீரங்கித் தளத்தின் மிச்சங்கள் அங்கே இருக்கின்றன. கரைவேலியைப் பிடித்துக்கொண்டு எதிரே பாருங்கள். நீர்ப்பாதைக்கு அப்பால், முதல்நாள் நீங்கள் ஏறி இறங்கிய குன்று தெரியும். கோட்டையைத் தேடுவீர்கள். மரங்கள் மட்டும் தெரியும்.